தமிழர் பாடிய மலாய்ப் பாட்டு

சரித்திரம் எழுதப் புகுவோர் அரசரையும் ஆளுநரையும் போரையும் உடன்படிக்கையையுமே எழுதிச் செல்கின்றனர். பாட்டுக்காரன் அவர்தம் ஏட்டில் ஏறுவதில்லை. பினாங்கின் சரித்திரத்திலோ பாட்டை நீக்கிவிட்டால் பாதி போய்விடும். பார்சி நாடகத்தைக் கண்டு அதன் சாயலில் 1880களில் பங்சவான் என்னும் மலாய் நாடகம் தோன்றியது இத்தீவில்தான். மலாய்க் கலையுலகின் மன்னரெனப் பெயர் பெற்ற பி. ராம்லி 1929இல் பிறந்ததும் இங்கேதான். இவ்வரிசையில் தமிழர் இருவரும் உளர்.

ஆறுமுகம் குடும்பத்துச் சகோதரர் டேவிட், லோகநாதன் இருவரையும் முன்னிறுத்தி, 1960களின் இறுதியில் இவ்வூரில் ‘எலிகேட்ஸ்’ என்னும் வாத்தியக் குழு உருவாயிற்று. முதலில் ஆங்கிலப் பாட்டே பாடினர். 1970களில் ஹாங்காங் சென்று அங்குள்ள விடுதிகளில் பாடிப் பிழைத்தனர். 1979இல் அவர்களுடைய முதல் மலாய் இசைத்தட்டு வெளிவந்தது. அதன் பெயர் ‘தெரிமா காசே’, அதாவது ‘நன்றி’. அது மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவர்களை வீட்டுக்கு வீடு அறிமுகமாக்கிற்று. பின்னர் சிங்கப்பூரில் பிறந்த எம். நாசிரும் அவர்களுக்கு மெட்டமைத்துத் தந்தார். 2007இல் லோகநாதன் மறைந்தபோது இனபேதமின்றி மக்கள் வருந்தினர்.

இதன் பெருமையை அறியச் சற்றுப் பின்னோக்குதல் வேண்டும். 1971இல் கோலாலம்பூரில் கூடிய தேசியக் கலாசார மாநாடு, இம்மண்ணின் பூர்வீகப் பண்பாடே தேசியப் பண்பாட்டிற்கு அடிப்படை என்றும், பிற பண்பாடுகளில் பொருத்தமானவை மட்டுமே ஏற்கப்படும் என்றும் வகுத்தது. எட்டாண்டு கழிந்தது. எது பொருத்தம் என்பதைப் பண்டிதர் தீர்மானிக்கு முன்னரே, பாமர மக்கள் தமிழன் குரலில் மலாய்ப் பாட்டைக் கேட்டுத் தம்முடையதென்று கொண்டனர்.

நிற்க. நம்மவருள் இதுபற்றி இருவகைப் பேச்சு உண்டு. “நம் பிள்ளைகள் வென்றார்கள்” என மார்தட்டுவோர் ஒருசாரார். “தாய்மொழியில் பாடவில்லையே” எனக் குறைகூறுவோர் மறுசாரார். முன்னவரை நாம் கேட்பது, பெருமை கொண்டாடும் நீர் எத்தனை இசைத்தட்டை விலை கொடுத்து வாங்கினீர் என்பதே. பின்னவரைக் கேட்பது, இந்நாட்டுத் தமிழ்க் கலைஞனுக்கு நீர் அளித்த மேடை எது என்பதே. திருமணமாயினும் திருவிழாவாயினும் சென்னைச் சினிமாப் பாட்டை ஒலிபெருக்கியில் முழக்கிவிட்டு, உள்ளூர்ப் பாடகன் தமிழை மறந்தான் என்பது நியாயமாகுமா?

தமிழிற் பாடினால் இந்நாட்டான் வெல்லமாட்டான் என்பதும் பொய். 2006இல் யோகி பியும் நட்சத்திரா குழுவினரும் ‘வல்லவன்’ என்னும் தமிழ் ராப் இசைத்தொகுப்பை வெளியிட்டனர். மலேசியத் தமிழனின் அக்குரலைத் தமிழ்நாடும் கேட்டது; பின்னர்த் தமிழ்ப்படங்களும் யோகி பியை அழைத்துப் பாடவைத்தன.

தோழர்களே! வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்திறங்கிய நாள்முதல், நமது உழைப்பைப் பிறர் மதிக்கவில்லை என்றே முறையிட்டு வருகின்றோம். அம்முறையீடு நேர்மையானதே. ஆயின், பிறையிலும் ஜார்ஜ் டவுனிலும் பாடும் நம் பிள்ளையின் உழைப்பை நாம் முதலில் மதித்தோமா? கைதட்டல் மட்டும் கலைஞன் வயிற்றை நிரப்பாது. அவனுக்குரிய கூலியைக் கொடுப்பதே உண்மையான ‘நன்றி’யாகும்.