வாளைப் படியில் வைத்த அரசர்

பத்மநாபபுரம் அரண்மனையைக் காணச் செல்பவர்கள் அவ்வூரின் பெயரைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. கல்குளம் என்று வழங்கிய தலைநகருக்குத் தம் பெயரைச் சூட்டாமல், திருவனந்தபுரத்தில் பள்ளிகொண்ட பெருமாளின் பெயரைச் சூட்டியவர் மார்த்தாண்ட வர்மர். அதோடு அவர் நிற்கவில்லை. 1750 ஜனவரியில், கொல்லம் ஆண்டு 925 மகர மாதத்தில், பத்மநாபசுவாமி கோயிலில் உடைவாளை இறைவன் முன் வைத்து நாடு முழுவதையும் அவனுக்கே தாரை வார்த்தார். பின் அதே வாளை அடியவராகத் திரும்பப் பெற்று, அவன் பெயரால் ஆண்டார். இதுவே திருப்படிதானம். அன்று முதல் திருவிதாங்கூர் மன்னர்கள் 'பத்மநாபதாசர்' ஆனார்கள்.

இது பணிவா, அரசியலா? வரலாற்றைப் படிப்பவருக்கு இக்கேள்வி எழாமலிராது. 1729இல் அரியணை ஏறியவர் அவர். எட்டு வீட்டில் பிள்ளைமாரை ஈவிரக்கமின்றி ஒழித்தார். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை வென்றார். கொல்லம், காயங்குளம் முதலிய அரசுகளை விழுங்கினார். இவ்வாறு சேர்த்த மண் இறைவனின் சொத்தாகிவிட்டபின், அதை எதிர்ப்பது இராசத்துரோகம் மட்டுமன்று, தெய்வத்துரோகமும் ஆகும். கணக்கு சரியாகவே போடப்பட்டிருக்கிறது. ஆயினும் வெறும் தந்திரம் என்று ஒதுக்கவும் மனம் வரவில்லை. இரத்தம் படிந்த வெற்றிகளைத் தன்னுடையவை என்று சொல்லிக்கொள்ள ஒரு மனிதன் அஞ்சியிருக்கவும் கூடும். இரண்டும் ஒரே நெஞ்சில் இருந்திருக்கலாம்.

என்னை உறுத்துவது வேறொன்று. இறைவனுக்குச் சொந்தமான அந்நாட்டில் ஈழவரும் நாடாரும் தலைவரி கொடுத்தார்கள். புலையரும் பறையரும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். நாட்டின் உடைமையாளன் என்று அறிவிக்கப்பட்ட பெருமாளை அவர்கள் கண்ணால் காண முடியாது. கோயிலைச் சுற்றிய தெருக்களே பல இடங்களில் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தன. இறைவன் முன் தாழ்ந்த அரசரின் தலை, அவனுடைய எளிய குடிகளின் பக்கம் திரும்பவேயில்லை.

அது திரும்புவதற்கு நெடுங்காலம் ஆயிற்று. தோள்சீலைப் போராட்டம் நடந்தது. நாராயண குருவும் அய்யங்காளியும் வந்தார்கள். 1924இல் வைக்கம் தெருக்களுக்காகச் சத்தியாகிரகிகளும் பெரியாரும் சிறை சென்றார்கள். 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் பலராம வர்மர், இந்துக்களில் எவருக்கும் பிறப்பின் பெயரால் அரசின் கோயில்களில் தடையில்லை என்று அறிவித்தார். மன்னரின் பெருந்தன்மை என்று மட்டும் இதைச் சொல்வது, போராடியவர்களுக்கு இழைக்கும் அநீதி.

அப்பிரகடனத்தில் மன்னரின் பெயருக்கு முன்னால் 'ஸ்ரீ பத்மநாபதாச' என்ற பழைய பட்டம் இருக்கிறது. மார்த்தாண்ட வர்மர் படியில் வாளை வைத்து 186 ஆண்டுகள் கடந்திருந்தன. தாசன் என்ற சொல்லுக்கு அன்றுதான் ஓரளவேனும் பொருள் கிடைத்தது என்று எனக்குத் தோன்றுகிறது.