முதுகிடாவின் கிடை

சில ஆண்டுகளுக்கு முன், மாணாக்கர் சிலருடன் மூணாற்றை அடுத்த இராசமலைக்குச் சென்றிருந்தோம். வரையாட்டைக் காண்பதே நோக்கம். வண்டிப்பாதையின் ஓரத்திலேயே பெட்டைகளும் குட்டிகளுமாகப் பத்துப் பன்னிரண்டு ஆடுகள் நம்மைப் பொருட்படுத்தாமல் மேய்ந்துகொண்டிருந்தன. மாணாக்கருள் ஒருவர், "பெரிய கிடா ஒன்றையும் காணோமே?" என்று உடன்வந்த காவலரிடம் கேட்டார். அவர் மோவாயை உயர்த்தி மேலே இருந்த பாறைச் செங்குத்தைக் காட்டினார். "அது அங்கே படுத்துக் கிடக்கும் சார். வெயில் தாழ்ந்தால்தான் எழும்." நெடுநேரம் உற்று நோக்கினோம். பாறையன்றி வேறொன்றும் நம் கண்ணுக்குப் புலப்படவில்லை.

அந்தக் காவலர் அறிந்திருந்ததும் நாம் அறியாததுமான அந்தச் சிறு செய்திக்கு ஒரு வரலாறு உண்டு. முதிர்ந்த கிடா எங்கே படுக்கும் என்னும் அறிவு, யார் யார் கையில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது என்பதே அவ்வரலாறு.

முதலில் பெயரைப் பார்ப்போம். 'வரை' என்பது மலை, குறிப்பாக மலைச்சரிவு. சிலப்பதிகாரத்துக் காட்சிக் காதையில், குன்றவர் செங்குட்டுவனுக்குக் கொணர்ந்த திறைப்பொருள்களின் வரிசையில் 'வரையாடு', 'வருடை' என்னும் இரு சொற்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. 'வரையாடு' என்பதை வரையில் வாழும் ஆடு என்றும் கொள்ளலாம். வரையில் ஆடும், அதாவது திரியும், வருடை என வினைத்தொகையாகவும் கொள்ளலாம். எவ்வாறு கொள்ளினும் விலங்கின் இருப்பிடம் பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் 1838-இல் இவ்விலங்குக்கு அறிவியற்பெயர் சூட்டிய ஓகில்பி என்னும் அறிஞர் தெரிந்தெடுத்த 'ஹைலோகிரியஸ்' என்னும் கிரேக்க வழிச்சொல்லுக்குக் 'காட்டுக்கிடா' என்று பொருள். மரக்காட்டை விடுத்துப் புல்வெளியிலும் பாறையிலும் வாழும் விலங்குக்கு அப்பெயர் பொருந்தவில்லை. நீலகிரி வேட்டைக்காரர்களோ அதனை 'ஐபெக்ஸ்' என்றே வழங்கினர். அதுவும் பிழை. இமயமலைத் தாரின் உடன்பிறப்பு என்று நெடுங்காலம் கருதப்பட்டது, மரபணு ஆய்வின் பயனாய் 2005-இல் தனிப் பேரினமாகப் பிரிக்கப்பட்டது. அது செம்மறி இனத்துக்கே நெருங்கியது என்பது இன்றைய முடிபு.

இனிக் கிடாவுக்கு வருவோம். வளர்ந்த ஆண் ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ளது. பெட்டையைப் போல இருமடங்கு. முதிர முதிர அதன் மேனி கருமையேறும். முதுகில் சேணம் வைத்தாற்போல வெளிறிய திட்டு ஒன்று தோன்றும். அதனாலேயே ஆங்கிலேயர் முதிர்ந்த கிடாவைச் 'சேடில்பேக்' என்றனர். தென்மேற்குப் பருவமழைக் காலமே இணைசேரும் காலம். அப்போது கிடாக்கள் மந்தைக்குள் இறங்கி வரும். மற்றைய நாள்களில் அவை பெரும்பாலும் பெட்டைகளைப் பிரிந்து, தனியாகவோ இரண்டு மூன்றாகவோ உயரத்தில் திரியும்.

அத்தகைய கிடாவின் கிடை எப்படிப்பட்டது? காலையிலும் மாலையிலும் புல்மேய்ந்து, நண்பகலில் அது செங்குத்தின் தலைப்பகுதியில் ஒரு பாறைத்திட்டைத் தேர்ந்து படுக்கும். முதுகுப்புறம் பாறை, கண்ணெதிரே பள்ளத்தாக்கு முழுதும் விரிந்து கிடக்கும். வெயில் ஏறியதும் சூடேறிய சரிவை ஒட்டிக் காற்று மேல்நோக்கி எழும். ஆகவே கீழே எவர் வந்தாலும் பார்வைக்குத் தப்பினும் மோப்பத்துக்குத் தப்பார். இரவில் சிறுத்தையும் செந்நாயும் அணுக அஞ்சும் பாறை முகடே அதற்குக் கோட்டை. கண்ணும் மூக்கும் பாறையும் ஒன்றையொன்று காக்கும்படி அமைந்த இடம் அது.

அரண் எதுவாயினும் அதற்கொரு குறை உண்டன்றோ? வரையாட்டின் காவல் கீழ்நோக்கியது. மேலிருந்து பகை வரும் என்று அது பெரிதும் எண்ணுவதில்லை. வேட்டைக்காரர்கள் கண்டுகொண்டது இதைத்தான்.

ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரிக்கு வந்தபின் உதகை வெள்ளையரின் கோடை வாழிடமாயிற்று. படைத்துறையினரும் தோட்டக்காரரும் மேற்குச் செங்குத்துகளுக்கு வேட்டை நாடிச் சென்றனர். விடியுமுன் புறப்பட்டுச் சுற்றிவளைத்து முகட்டை அடைவர். தொலைநோக்கியால் ஒவ்வொரு திட்டாகத் துழாவுவர். மேலெழும் காற்று அவர்தம் வாடையைக் கிடாவிடமிருந்து அப்பால் கொண்டுசெல்லும். அடிபட்ட கிடா பள்ளத்தில் உருண்டு கைக்கு எட்டாமற்போவதும் உண்டு. 1862-இல் ஆனைமுடி ஏறிய முதல் ஐரோப்பியராகக் குறிக்கப்படும் டக்ளஸ் ஹாமில்டனின் வேட்டைக் குறிப்புகள், அவர் காலஞ்சென்றபின் 1892-இல் நூலாயின. இத்தகைய நூல்களில் சுட்டவர் பெயர் இருக்கும்; கிடை இருக்கும் திட்டைக் காட்டிக்கொடுத்த மலைமகனின் பெயர் பெரும்பாலும் இராது. அறிவு ஒருவருடையது, புகழ் மற்றொருவருடையது.

துப்பாக்கி பெருகவே விலங்கு அருகியது. 1877-இல் நீலகிரி வேட்டைச் சங்கம் தோன்றியது. 1879-இல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. வேட்டையாடியவர்களே வேட்டைக்கு வரம்பு கட்டினர். அவர்களது நோக்கம் விலங்கின் மீதான அருளன்று. நாளைய வேட்டைக்கு விலங்கு எஞ்ச வேண்டுமே என்னும் கவலை. ஆயினும் பயன் விளைந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆனைமலைப் பகுதியிலும் இதே கதைதான். இரவிகுளம் 1971 வரை தேயிலை நிறுவனமொன்றின் வேட்டைக் காப்பிடம். அங்கே காவல் புரிந்தோர் முதுவர்குடி மக்கள். பின்னர் அது 1975-இல் சரணாலயமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கியை முற்றிலும் விலக்கியது.

துப்பாக்கி போயிற்று, கிடையை அறியும் அறிவு போகவில்லை. குன்னூரைச் சேர்ந்த வழக்குரைஞர் இ. ஆர். சி. டேவிதார் நீலகிரியின் வரையாடுகளைக் கணக்கெடுத்து 1963-இல் கட்டுரை வெளியிட்டார். 1975-இல் அதன் வாழிடங்கள் பலவற்றையும் ஆராய்ந்தார். 1969-இல் ஜார்ஜ் ஷாலரும், 1979 முதல் இரவிகுளத்தில் தங்கிய கிளிஃபர்ட் ரைஸும் வரையாட்டை ஆய்ந்தனர். வேட்டைக்காரன் நின்று நோக்கிய அதே முகடுகளில் இவர்களும் நின்றனர். அதே திட்டுகளையே துழாவினர். கையில் இருந்தது மட்டும் வேறு. டேவிதாரின் நினைவாகத் தமிழ்நாட்டரசு அக்டோபர் 7-ஐ வரையாடு நாளாக அறிவித்துள்ளது. மாநில விலங்கான இதற்கென 2022-இல் தனித்திட்டமும் வகுத்தது. 2024-இல் எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள், 2025-இல் 1,303.

இவ்வளவும் மகிழ்ச்சியே. ஆனால் கிடையின் இலக்கணத்தை அறிந்தவர்க்கு இங்கே ஓர் அச்சமும் எழும். வரையாட்டுக்கு வேண்டுவது பாறை மட்டுமன்று. பாறைக்குக் கீழே திறந்த புல்வெளியும் வேண்டும். அந்தப் புல்வெளியைப் 'பாழ்நிலம்' என்று எண்ணியே தைலமரத்தையும் சீகை மரத்தையும் பைன் மரத்தையும் நட்டனர். வெள்ளையர் தொடங்கியதை விடுதலைக்குப் பின் நாமும் பெருக்கினோம். மரம் வளர்த்தல் அறம் என்றே நமக்குக் கற்பிக்கப்பட்டது. வகுப்பில் நாமும் அவ்வாறே கற்பித்திருக்கிறோம். ஆனால் சரிவில் மரம் அடர்ந்தால் கிடாவின் கண்ணுக்கு முன் திரை விழுகிறது, புலிக்கும் செந்நாய்க்கும் மறைவிடம் கிடைக்கிறது, மேய்ச்சலும் அற்றுப்போகிறது. பாறை இருந்த இடத்திலேயே இருக்கும். கிடை மட்டும் இராது. துப்பாக்கி செய்த அழிவு ஓசையோடு நிகழ்ந்தது. அதனால் சட்டம் வந்தது. மரம் செய்த அழிவு பசுமையாக நிகழ்ந்தது. அதனால் நெடுங்காலம் எவரும் அதைக் காணவில்லை.

இராசமலையில் அன்று மாலை நான்கு மணிக்கு மேல் காவலர் நம் தோளைத் தொட்டார். அதுகாறும் பாறையென்றே நாம் நினைத்திருந்த கருமை ஒன்று மெல்ல எழுந்து நின்றது. முதுகில் வெளிறிய சேணம். கீழே விரிந்த புல்வெளியை நெடுநேரம் நோக்கிவிட்டு, அது மேய இறங்கிற்று. "நாங்கள் சிறுபிள்ளையாக இருந்தபோதும் இந்தத் திட்டில் ஒன்று படுக்கும்" என்றார் காவலர். அந்த மனிதரின் பெயரை நம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தோம். முன்னோர் நூல்களில் விடுபட்டதை நாமாவது விடாதிருப்போம் என்று தோன்றியது.