காப்பதா? திருத்துவதா?

வீடு நம்முடையது; கூரை ஒழுகுகிறது. ஒழுகுகிறதென்று உரக்கச் சொன்னால், தெருவிலே காத்திருக்கும் திருடன் காதில் விழும். சொல்லாதிருந்தாலோ, சுவர் கரைந்து வீடே விழும். சொல்வதா, சும்மா இருப்பதா?

இருபதாம் நூற்றாண்டின் இடதுசாரிகளை எழுபதாண்டுக் காலம் ஈர்வாளென அறுத்த கேள்வி இது. வீடு, 1917இல் உழைப்பாளர் பெயரால் எழுந்த சோவியத் அரசு. திருடன், அதனை வீழ்த்தச் சமயம் பார்த்திருந்த முதலாளித்துவ வல்லரசுகள். ஒழுகல், பேச்சுரிமையும் எழுத்துரிமையும் ஒவ்வொன்றாய்ப் பறிபோன கொடுமை.

"மாஸ்கோவில் நடந்த வழக்கு அது, மொரப்பூரில் இருக்கும் நமக்கு அதிலென்ன அக்கறை?" என்று கேட்போர் உண்டு. அக்கறை உண்டு, அளவின்றி உண்டு! 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் விழா எடுத்தது எந்த விடியலைக் கண்டு? 1931இல் பொதுவுடைமை அறிக்கையைத் தமிழாக்கி வெளியிட்டது எந்த ஏடு? குடிஅரசு அல்லவா! 1932இல் பெரியார் சோவியத் நாட்டை நேரில் கண்டு திரும்பினார். சிங்காரவேலரோடு கலந்து ஈரோட்டிலே சமதர்மத் திட்டம் தீட்டினார். புரோகிதரும் பூபதியும் இல்லாமலே ஒரு நாடு நடக்கக்கூடும் என்ற நம்பிக்கையை நம் முன்னோர் நெஞ்சில் விதைத்த நாடு அது. ஆகவே, அதன் வெற்றியில் நமக்கு மகிழ்ச்சி உண்டு; அதன் வீழ்ச்சியில் நமக்குப் பாடமும் உண்டு.

வழக்கின் தொடக்கம் எங்கே? புரட்சியின் முதல் ஆண்டிலேயே! 1918 சனவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசியல் நிர்ணய சபையைக் கலைத்தது லெனின் அரசு. ஜெர்மானியச் சிறையிலே கிடந்த ரோசா லக்சம்பர்க் எழுதுகோலை எடுத்தார். புரட்சியைப் பாராட்டினார், வாயாரப் பாராட்டினார். உரிமைகளை ஒடுக்குவதை இடித்துரைத்தார், ஒளிவின்றி இடித்துரைத்தார். மாற்றாருக்குப் பேசும் உரிமை இல்லாத இடத்தில் மக்களாட்சி மடிந்து, ஒரு சிலர் ஆட்சியே மிஞ்சும் என்பது அவர் வாதம். 1919 சனவரியில் அவரைக் கொன்றனர் ஜெர்மானிய வலதுசாரிப் படையினர். முதலாளித்துவத்தின் குண்டுக்கு இரையான அவரை, 'முதலாளித்துவத்தின் கையாள்' என்று எவரும் ஏசிட முடியாது. பகைவனாய் நின்றன்று, பங்காளியாய் நின்றே குறை கூற முடியும் என்பதற்கு அவரே முதற் சான்று.

அடுத்த சான்று, நம் சென்னையிலே பிறந்தவர். எம். பி. டி. ஆச்சாரியா. 1920 அக்டோபரில் தாஷ்கண்ட் நகரில் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி உருவானபோது உடனிருந்து தொடங்கியவர். அங்கேயே எம். என். ராயோடு முரண்பட்டார், கட்சியினின்றும் நீக்கப்பட்டார். பெர்லின் சென்றார், அரசின்மைக் கொள்கையைத் தழுவினார், ஒரு கட்சி ஆட்சி, உழைப்பாளன் ஆட்சி ஆகாது என்று எழுதி வந்தார். 1954இல் பம்பாயில் மறைந்தபோது அவரை நினைத்தோர் மிகச் சிலர். அவர் வழி, காப்பதுமன்று, திருத்துவதுமன்று. விட்டு விலகும் வழி.

விலகாமல் அங்கேயே தங்கியவர் கதி என்ன? சரோஜினி நாயுடுவின் உடன்பிறந்தவர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயர். இந்திய விடுதலைக்காக நாடு நாடாய் அலைந்து, சோவியத் மண்ணே தன் புகலிடம் என்று நம்பிக் குடியேறியவர். 1937இல் அவரைச் சுட்டுக் கொன்றது, அவர் நம்பிய அந்த அரசே! புகலிடம் தேடிப் போனவருக்குப் புதைகுழி! அந்நாளில் அதைக் கேட்க இங்கே ஒரு குரல் எழவில்லை. கேட்டால் திருடன் காதில் விழுமே என்ற அச்சம்.

அந்த அச்சத்தை உடைத்துக் கேள்வியைக் கூட்டத்தின் நடுவிலே வைத்தனர், கடலுக்கு அப்பால், கொழும்பிலே. 1935இல் தோன்றியது லங்கா சம சமாஜக் கட்சி. 1939 ஆகஸ்டில் ஸ்டாலின் அரசும் ஹிட்லர் அரசும் உடன்படிக்கை செய்துகொண்டன. நேற்றுவரை பாசிசத்தை எதிர்க்க முழங்கியோர் இன்று மௌனம் பயில வேண்டும் என்றது மாஸ்கோ. கொதித்தனர் கொழும்புத் தோழர்கள். அவ்வாண்டு டிசம்பரில் கூடியது செயற்குழு. முதல் உழைப்பாளர் அரசான சோவியத் ஒன்றியத்தோடு தோழமை உண்டு; ஆனால், அதன் சொல்லுக்கு ஆடும் மூன்றாம் அகிலத்தில் நம்பிக்கை இல்லை! இதுவே தீர்மானம். ஏற்றோர் 29 பேர். எதிர்த்தோர் 5 பேர்.

அந்தத் தீர்மானத்தின் இரு பகுதிகளையும் இணைத்துப் பாருங்கள். நாட்டை நேசிக்கிறோம், அதன் தலைமையை நம்பவில்லை. நிலமும் ஆலையும் பொதுவானதைக் காப்போம், அவற்றின்மேல் அமர்ந்த அதிகாரக் கூட்டத்தை உழைப்பாளரே அகற்ற வேண்டும். டிராட்ஸ்கி வகுத்த வாதம் இது. அமெரிக்காவில் அவர் தோழர்களிலேயே ஒரு சாரார், "அதைக் காக்கவே வேண்டாம்" என்று 1940இல் பிரிந்தனர். அவர் இசையவில்லை. காக்க வேண்டும் என்று இறுதிவரை எழுதியவரை, அவ்வாண்டு ஆகஸ்டில், மெக்சிகோவில், ஸ்டாலினின் ஆள் கோடரியால் வெட்டி வீழ்த்தினான்!

கொழும்பில் தோற்றவர் வெளியேற்றப்பட்டனர். 1943இல் இலங்கைப் பொதுவுடைமைக் கட்சியைக் கண்டனர். யாழ்ப்பாணத்துத் தமிழர் வைத்தியலிங்கம் அந்த அணியின் முன்னணியில் நின்றார். யாழ்ப்பாணத்தின் மற்றொரு தமிழர் எஸ். சி. சி. அந்தோணிப்பிள்ளை எதிரணியில் நின்றார். 1942இல் இந்தியா வந்தார். 1918இல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தலைவரானார். 1947இல் பின்னி ஆலைத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தத்திற்குத் தலைமை தாங்கினார். 1957இல் வட சென்னையிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். மாஸ்கோவைக் குறை கூறினால் தொழிலாளர் பகைவன் ஆகிவிடுவான் என்ற பேச்சுக்குப் பெரம்பூரே பதில் சொன்னது.

போர் வந்தது, சோதனையும் வந்தது. 1941 சூனில் ஹிட்லரின் படை சோவியத் மண்ணில் புகுந்தது. போரை எதிர்த்துவந்த இந்தியப் பொதுவுடைமைக் கட்சி, "இது மக்கள் போர்" என்றது. 1934 முதல் இருந்த தடை 1942 சூலையில் நீங்கியது. ஆகஸ்டிலே வெள்ளையனே வெளியேறு கிளர்ச்சி வெடித்தபோது, கட்சி விலகி நின்றது. டிராட்ஸ்கி வழியினரோ, சோவியத்தைக் காப்பது வேறு, வெள்ளையன் ஆட்சிக்குத் தோள் கொடுப்பது வேறு என்று கிளர்ச்சியில் கலந்தனர். சோவியத் மக்கள் இரண்டு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைத் தந்து பாசிசத்தை முறித்தனர் என்பதை மறப்பவன் மனிதனல்லன். ஆனால், அந்தத் தியாகத்தைக் காட்டி இந்நாட்டின் கிளர்ச்சியைத் தள்ளிவைத்தது, காவலா, கண்மூடித்தனமா?

1956 பிப்ரவரியில் ஸ்டாலின் ஆட்சியின் கொடுமைகளைக் குருஷேவே கட்சி மாநாட்டில் எடுத்துரைத்தார். பகைவன் கட்டிய கதை என்று இங்கே மறுக்கப்பட்டவை, அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டன! அவ்வாண்டு அக்டோபரில் ஹங்கேரியில் எழுந்தனர் மாணவரும் தொழிலாளரும். ஆலைதோறும் தொழிலாளர் மன்றங்கள் அமைத்தனர். ஆலைகளை முதலாளியிடம் திருப்பித் தரச் சொல்லி அல்ல, தங்கள் கையில் தரச் சொல்லி! நவம்பர் 4ஆம் நாள் டாங்கிகள் பதில் கூறின. நவம்பர் 9ஆம் நாள் ஐக்கிய நாடுகள் மன்றத்தில், ஹங்கேரியில் தேர்தல் கோரிய தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தது இந்தியா. ஜெயப்பிரகாஷ் நாராயண் கண்டித்தார். பிரதமராயிருந்து மக்கள் பக்கம் சாய்ந்த இம்ரே நாகியை 1958இல் தூக்கிலிட்டனர்.

காவலர் பக்கத்து வாதத்தையும் நேர்மையோடு எடை போடுவோம். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு காலத்தில் சிற்றிருப்புப்பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை நிறுத்தினர், தண்டவாளம் போயிற்று, அதை மீண்டும் கேட்டுக் கேட்டுத் தலைமுறைகள் கழிந்தன. பெயர்ப்பது எளிது, பதிப்பது அரிது. "திருத்துகிறேன் என்று தொடங்கினால், பெயர்த்தெடுப்பவன் புகுந்துவிடுவான்" என்றனர் காவலர். 1991இல் அதுதான் நடந்தது! ஒன்றியம் கலைந்தது, பொதுச் சொத்து ஒரு சிலர் பைக்குள் போயிற்று, 1990இல் ஏறத்தாழ 64 ஆக இருந்த ருஷ்ய ஆண்களின் சராசரி ஆயுட்காலம், 1994இல் 58க்கும் கீழே சரிந்தது. காவலர் அச்சம் வெற்றச்சமன்று.

ஆனால், அடுத்த கேள்வியையும் கேளுங்கள். ஆலை பறிபோனபோது, ஆலைத் தொழிலாளி ஏன் அணிதிரண்டு தடுக்கவில்லை? ஹிட்லரை எதிர்த்து ஸ்டாலின்கிராடின் ஒவ்வொரு தெருவையும் காத்தவனின் பிள்ளைகள் ஏன் கைகட்டி நின்றனர்? 'உனது' என்று எழுதியிருந்ததே தவிர, அவனைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை. கேள்வி கேட்கும் வாயை எழுபதாண்டு கட்டி வைத்தனர். 'காப்பாற்று' என்று கூவ வேண்டிய நாளில் அந்த வாய் திறக்கவில்லை. திருத்தத்தைத் தடுத்தவரே காவலையும் தகர்த்தார்!

அப்படியானால், மக்களாட்சி கேட்ட கொழும்புத் தோழர்கள் வென்றாரா? அங்கேதான் இருக்கிறது தமிழர் நெஞ்சில் தைத்த முள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்து நின்றது அக்கட்சி. 1964இல் அமைச்சர் பதவி ஏற்றது. 1972இல் வந்தது புதிய அரசியலமைப்பு. சிங்களமே ஆட்சிமொழி, பௌத்தத்திற்கே முதலிடம். அதை உருவாக்கிய அமைச்சர் யார்? அக்கட்சியின் தலைவருள் ஒருவரான கொல்வின் ஆர். டி சில்வா! மாஸ்கோவுக்கு மக்களாட்சி கேட்டவர், யாழ்ப்பாணத்திற்கு அதை மறுத்தார். மாஸ்கோவையே காத்து நின்ற பொதுவுடைமைக் கட்சியும் அந்த அரசில் பங்காளி. முப்பதாண்டுக்கு முன் முட்டிக்கொண்ட இருவரும், தமிழன் உரிமையைப் பறிப்பதில் ஒன்றுபட்டனர்!

தோழர்களே! வேதத்தைக் கேள்வி கேட்டவர் நாம்; மனுவைக் கேள்வி கேட்டவர் நாம். அந்தக் கேள்வி மாஸ்கோவின் வாயிலில் நின்றுவிடக் கூடாது; கொழும்பின் வாயிலில் நின்றுவிடக் கூடாது; நம் சொந்த வாயிலிலும் நின்றுவிடக் கூடாது. நம்மவர் ஆட்சி என்பதால் நாவடக்கம் வேண்டும் என்போரிடம் சொல்லுங்கள்: நம்முடையது என்பதாலேயே கேட்கிறோம். கூரையின் ஓட்டையை அடைக்க ஏணி ஏறுபவன் வீட்டுக்காரன். ஓட்டையே இல்லையென்று சத்தியம் செய்பவன், வீடு விழும் நாளில் தெருவிலே நிற்பான்.