கீரியைக் கொன்றது யார்?

பள்ளியில் கீரிப்பிள்ளைக் கதை முடிந்ததும் ஆசிரியர் கேட்பார்: “இதிலிருந்து என்ன தெரிகிறது?” ‘பெண்புத்தி பின்புத்தி’ என்று வகுப்பே கத்தும். நானும் கத்தியிருக்கிறேன்.

பிற்பாடு பஞ்சதந்திரத்தைத் தேடிப் படித்தேன். குழந்தையைக் கணவனிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அவள் தண்ணீருக்குப் போகிறாள். அவனோ பிச்சைக்குக் கிளம்பிவிடுகிறான். பாம்பைக் குதறிய கீரி ரத்த வாயோடு எதிரே ஓடிவர, குடத்தைப் போட்டுக் கொன்றுவிடுகிறாள். உண்மை தெரிந்ததும் அழுதபடி அவனைத் திட்டுகிறாள்: உன் பேராசையால் வந்தது என்று. அந்தத் திட்டு எங்கள் பாடத்தில் இல்லை.

இதோபதேசத்தில் அரசனின் தானத்துக்கு ஓடித் திரும்பும் கணவனே கீரியைக் கொல்கிறான். அதை வைத்து ‘ஆண்புத்தி’ என்று ஒரு பழமொழி பிறக்கவில்லை.

என்னை நிறுத்தியது சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை. கீரி செத்ததும், இனி உன் கையால் உண்பது தகாது என்று கணவன் வடக்கே போய்விடுகிறான். போகும்போது வடமொழி எழுதிய ஏடு ஒன்றை அவளிடம் கொடுக்கிறான். அதை ஏந்தி வணிகர் தெருக்களில் அழுதுகொண்டு அலைகிறாள். அவளுக்கு அதைப் படிக்கத் தெரியுமா? காப்பியம் சொல்லவில்லை. கோவலன் பொருள் கொடுத்துப் பாவம் போக்கி, கணவனையும் சேர்த்து வைக்கிறான். மாடலன் இதைச் சொல்வதே கோவலனைப் புகழத்தான்; அவளுக்குப் பெயர்கூட இல்லை.

கீரியை நாம் ‘பிள்ளை’ என்கிறோம். பஞ்சதந்திரத்தில் அவள் அதற்கும் தாய்ப்பால் கொடுத்தே வளர்க்கிறாள். அந்த வரியையும் எங்களுக்கு யாரும் வாசித்துக் காட்டவில்லை.