பட்டனில் இல்லாத பேர்

தாத்தாவோட பழைய போட்டோக்களை வச்சு ஒரு வீடியோ பண்ணேன். ஆரம்பத்துல ஒரு கீஃபிரேம், முகத்துக்குக் கிட்டே இன்னொண்ணு. நடுவில் உள்ளதை மென்பொருளே நிரப்பிடும். பார்த்தா கேமரா லிஃப்ட் மாதிரி நகருது!

இதே தலைவலி கனடாவில் 1957-லேயே இருந்திருக்கு. டாசன் நகரத் தங்க வேட்டைக் காலப் புகைப்படங்களை வைத்து காலின் லோவும் வுல்ஃப் கோனிக்கும் எடுத்த குறும்படம் 'சிட்டி ஆஃப் கோல்ட்'. அசையாத படத்தின் மேல் கேமரா, கையில் பிடித்தது போல உயிரோடு நகரணும். அதற்கென்றே ரோமன் குரோய்ட்டர் ஒரு கருவி செய்தார்.

கீஃபிரேம் என்ற சொல் கார்ட்டூன்காரர்களுடையது. முக்கியப் படங்களை மூத்த ஓவியர் போடுவார், இடைப்பட்டதை உதவியாளர்கள் (பாவம்!) வரைந்து தள்ளுவார்கள். அந்த வேலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் கனடாக்காரர்களே: தேசிய ஆராய்ச்சிக் குழுமத்தின் நெஸ்டர் பர்ட்னிக், மார்செலி வெய்ன். பீட்டர் ஃபோல்டெஸின் 'ஹங்கர்' (1974) அதில் உருவானதுதான்.

ஆனா 2003-ல் ஆப்பிளின் ஐமூவியில் அந்த நகர்வுக்கு வந்த பேர் 'கென் பர்ன்ஸ் எஃபெக்ட்'. 1990-ல் 'தி சிவில் வார்' தொடரில் அதை அழகா கையாண்டவர். 'சிட்டி ஆஃப் கோல்ட்' பார்த்துக் கத்துக்கிட்டதா அவரே சொல்லியிருக்கார். என்ன செய்ய, பட்டனில் இடம் ஒருத்தருக்குத்தான்.

என் வீடியோவா? 'ஈஸ்' போட்டு, கிளம்பும்போதும் நிற்கும்போதும் வேகத்தைக் குறைச்சேன். அம்மா ரெண்டு தடவை பார்த்தாங்க.