வீட்டிலிருந்த பகல்

2022 ஜனவரி 23, ஞாயிற்றுக்கிழமையோடு தமிழ்நாட்டில் கொரோனாக்கால முழு ஊரடங்கு முடிந்தது. நாஞ்சில் நாட்டு வீடுகளில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள், வந்தும் போயும், நம்மோடு வாழ்ந்த அந்த அமைதியான பகலும் அன்றோடு கண் மூடியது. மறுநாள் எல்லாரும் வேலைக்குக் கிளம்பினோம். எல்லா வீட்டிலும் ஒரே நாளில் நடந்த சாவு ஆதலால், யார் வீட்டுக்குப் போய்த் துட்டி கேட்பது என்று தெரியாமலே இருந்துவிட்டோம்.

அந்தப் பகல் வந்தது 2020 மார்ச் 22 அன்று. கும்பப்பூ அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்த காலம். முதலில் ஒரு நாள் விருந்தாளியாகத்தான் வந்தது. 24ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு மாநிலம் அடங்கி, நள்ளிரவில் நாடும் அடங்கியபோது, இருபத்தொரு நாள் தங்கப்போகிறது என்று தெரிந்தது. நாகர்கோவில் சந்திப்பில் ரயில் ஓசை நின்றது. களியக்காவிளையிலும் ஆரல்வாய்மொழியிலும் தடுப்புகள் விழுந்தன. தோவாளையில் பிச்சி செடியிலேயே வாடியது. விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன.

அதற்கு முன்பு நம் வீடுகளுக்குப் பகல் என்பது முதியவர்களுடையதாகவும் பெண்களுடையதாகவும்தான் இருந்தது. கொத்தனாரும் கையாளும் விடியுமுன் திருவனந்தபுரம் பக்கம் போய்விடுவார்கள். தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப வாரங்களாகும். படித்த பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பார்கள், மற்றவர்கள் வளைகுடாவில். பிள்ளைகளை வெளியே அனுப்பி, அவர்கள் அனுப்பும் பணத்தில் நிமிர்ந்த நாடு இது. உச்சிவேளையில் ஓர் ஆண் வீட்டில் இருந்தால், "என்ன, உடம்புக்குச் சொகமில்லையா?" என்று வாசலில் நின்று கேட்கிற ஊர்.

அப்படிப்பட்ட ஊரில் அந்தப் பகல், வந்துசேர முடிந்தவர்களையெல்லாம் ஒரே கூரையின் கீழ் கூட்டி வைத்தது. கூடியவர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்று சொல்வதற்கில்லை. சம்பளம் பாதியாகும் என்றொரு தகவல், அடுத்த மாதம் பார்க்கலாம் என்றொரு தொலைபேசி அழைப்பு, புதுப்பிக்கப்படாத விசா என்று ஒவ்வொரு அறையிலும் ஒரு கவலை இருந்தது. வருங்கால வைப்பு நிதியில் மூன்று மாதச் சம்பளத்துக்கு மிகாமல் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். கடன் தவணைக்கு முதலில் மூன்று மாதமும், பிறகு ஆகஸ்ட் வரையும் அவகாசம் கிடைத்தது. அவகாசம் முடியும்போது வேலை இருக்குமா என்பதற்கு மட்டும் எவரிடமும் பதில் இல்லை. அந்தப் பதிலின்மைக்குப் பக்கத்தில், எதுவும் கேட்காமல், காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருந்தது அந்தப் பகல். அது செய்த பெரும் பணி அதுதான்.

சக்கை பழுத்த காலம் அது. மாவும் கொல்லாவும்கூடக் காய்த்துத் தொங்கின. சந்தைக்குப் போக முடியாத நாட்களில் வீட்டு விளையே அடுப்படியை நடத்தியது: ஒருநாள் சக்கைக்குருவும் மாங்காயும் போட்டுக் குழம்பு, ஒருநாள் மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தேங்காய்ச் சம்மந்தி. மகன் மடிக்கணினியை மூடிவிட்டு வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதை அம்மா பார்ப்பாள், காரணம் கேட்கமாட்டாள், "மக்களே, கஞ்சி ஆறுது, வா" என்பாள். பல ஆண்டுகளாக விடுமுறைக்கு வந்துபோகும் ஆளாக இருந்தவன் அப்போதுதான் மறுபடியும் அந்த வீட்டுப் பிள்ளையானான். சம்பளம் வராத ஒருவனுக்கும் இந்த வீட்டில் இடம் உண்டு என்பதை அந்தப் பகல் வாய் திறக்காமல் காட்டிக்கொடுத்தது.

எல்லார் வீட்டிலும் அது ஒரேபோல் இருக்கவில்லை. ரப்பர் பால்வெட்டும் தொழிலாளிக்கும் கூலிக்குப் போகும் பெண்ணுக்கும் அந்த அமைதி பசியாகவே இருந்தது. ரேஷன் கடையில் தந்த ஆயிரம் ரூபாயும் அரிசியும் எத்தனை நாளுக்கு வரும்? ஈரானில் மாட்டிக்கொண்ட மீனவர்களில் பெரும்பாலோர் 2020 ஜூலை 1 அன்று ஐ.என்.எஸ். ஜலாஷ்வா கப்பலில் தூத்துக்குடி வந்து இறங்கும்வரை, நம் கடற்கரை ஊர்களில் பல வீடுகளுக்குப் பகலும் இரவும் ஒன்றாகவே இருந்தன. எல்லாரும் வீட்டிலிருந்த அந்த நாட்களில் அடுக்களை அடுப்பு அணையவே இல்லை என்பதைப் பெண்கள் மறக்கமாட்டார்கள். இந்த இரங்கலில் அவர்களுடைய களைப்புக்கும் பங்குண்டு.

செப்டம்பரில் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியதும் அந்தப் பகலுக்குத் தளர்ச்சி கண்டது. சிலருக்கு வேலை மீண்டது, சிலருக்கு மீளவில்லை. இரு சாராரும் வெளியே இறங்கினோம். 2021 மே 10 அன்று அது திரும்பி வந்தபோது முன்னிருந்த முகம் இல்லை. ஆசாரிபள்ளம் மருத்துவமனைப் பக்கம் ஆம்புலன்ஸ் போகும் ஓசைதான் அந்த அமைதியில் கேட்டது. தெரிந்தவர்கள் போனார்கள், உடலைத் தொட்டு அழவும் முடியவில்லை. பிறகு ஜனவரியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்து, எட்டிப் பார்த்துவிட்டு, போய்விட்டது.

இத்தனை சாவுகளோடு சேர்ந்து வந்த ஒன்றை மீண்டும் வா என்று எவரும் அழைக்கமாட்டோம். அதனால்தான் அதற்காக அழவும் கூச்சப்பட்டோம். ஆனாலும் நம் வாழ்வின் மிக நிச்சயமற்ற நாட்களில் நம் கூடவே இருந்தது அதுதான். இன்று வேலை போய் ஊர் திரும்பும் பிள்ளையைப் பார்த்து, எத்தனை நாள் லீவு என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டு, முதலில் சோறு போடுகிற தாய் தகப்பன்மார் நம் ஊரில் இருக்கிறார்கள். அந்தப் பகல் வாழ்ந்ததற்கு அவர்களே சாட்சி.