கதவில் ஒட்டிய அறிவிப்பு: சொல்லாமற் சென்ற வாடகைதாரரும் சட்ட வரலாறும்

வீட்டில் இருந்துகொண்டே வாடகை தர மறுப்பவரால் எழுவது ஒருவகைச் சிக்கல். முறைப்படி அறிவித்துச் சாவியை ஒப்படைத்துச் செல்பவரால் சிக்கலே இல்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாம் நிலை ஒன்று உண்டு. மாத இறுதியில் வெளியேறுவதாகச் சொன்னவர் அதன்பின் தொலைபேசியை எடுப்பதில்லை. கடிதத்திற்கு மறுமொழி இல்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. சன்னல் வழியே நோக்கினால் கட்டிலும் அலமாரியும் தெரிகின்றன. அவர் போய்விட்டாரா, இருக்கின்றாரா? உரிமையாளர் பூட்டை உடைப்பாராயின் அவர் நுழைவது தம் வீட்டிற்குள்ளா, பிறர் வீட்டிற்குள்ளா? இவ்வினா புதியதன்று. மலேசிய, சிங்கப்பூர் வாடகைச் சட்டங்களுக்கு மூலமாக அமைந்த ஆங்கிலச் சட்டம் இதனை எவ்வாறு எதிர்கொண்டது என்பதையும், அதில் எப்பகுதி நம் மண்ணுக்கு வந்தது, எது வராமற்போயிற்று என்பதையும் இக்கட்டுரையில் காண முற்படுகிறோம்.

பழைய ஆங்கில வழக்கில் நில உரிமையாளரின் முதன்மையான கருவி, நிலுவைக்கு ஈடாக வாடகைதாரரின் பொருள்களைக் கைப்பற்றுவதாகும். நம்மவர் வழக்கில் இது ஜப்தி. தொடக்கத்தில் அப்பொருள்களை ஈடாக வைத்திருக்க மட்டுமே முடிந்தது. விற்கும் உரிமை இருக்கவில்லை. 1689ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து நாள் கழித்து அவற்றை மதிப்பிட்டு விற்க இடமளித்தது. விற்கலாம் என்றானவுடன் பொருள்கள் இரவோடிரவாக வீட்டைவிட்டு மறையத் தொடங்கியதில் வியப்பில்லை. எனவே, வஞ்சனையாக அப்புறப்படுத்தப்பட்ட பொருள்களை ஐந்து நாள்களுக்குள் தேடிப்பிடிக்கலாம் என 1709ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 1737ஆம் ஆண்டுச் சட்டம் அதனை முப்பது நாளாக நீட்டியது. அப்புறப்படுத்தியவரும் உடன் உதவியவரும் பொருளின் மதிப்பில் இரு மடங்கு செலுத்த வேண்டும் எனவும் விதித்தது.

இவையெல்லாம் பொருளைத் துரத்தும் சட்டங்கள். பொருளும் இல்லை, ஆளும் இல்லை, ஆனால் குத்தகை மட்டும் உயிரோடு இருக்கிறது என்னும் நிலைக்கு அவை பயன்படா. வெற்றிடத்தில் எதனை ஜப்தி செய்வது? இந்நிலைக்கென்றே 1737ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு அமைந்தது. நம் கருத்தில், அச்சட்டத்தின் மிகச் சிறந்த பகுதி இதுவே. ஓராண்டு வாடகை நிலுவையில் இருக்க, வாடகைதாரர் இடத்தைக் கைவிட்டுச் சென்றிருக்க, ஜப்தி செய்யப் போதிய பொருளும் இல்லாதிருப்பின், உரிமையாளர் அவ்வட்டாரத்து அமைதி நீதிவான்களை நாடலாம். இருவரேனும் நேரில் சென்று இடத்தைப் பார்வையிட வேண்டும். பார்வையிட்டபின், எவர் கண்ணிலும் படத்தக்க இடத்தில் ஓர் எழுத்து அறிவிப்பை ஒட்ட வேண்டும். குறைந்தது பதினான்கு நாள் கழித்து இன்ன நாளில் மீண்டும் வருவோம் என்பதே அவ்வறிவிப்பு. குறித்த நாளில் அவர்கள் இரண்டாம் முறை வந்து பார்ப்பர். அப்பொழுதும் வாடகைதாரரோ அவர் சார்பில் ஒருவரோ வந்து நிலுவையைச் செலுத்தாவிடினும், போதிய பொருள் இல்லாவிடினும், நீதிவான்கள் இடத்தை உரிமையாளரிடம் ஒப்படைப்பர். குத்தகை அத்துடன் அற்றுப்போகும். அதன்பின்னும் வாடகைதாரருக்கு வழி அடைபடவில்லை. 17ஆம் பிரிவின்படி அவர் மேல்நிலை நீதிபதிகளிடம் முறையிட்டு இடத்தை மீளப் பெறவும் வாய்ப்பிருந்தது. ஓராண்டு நிலுவை என்னும் வரம்பு 1817ஆம் ஆண்டில் அரையாண்டாகக் குறைக்கப்பட்டது.

மௌனத்திற்குத் தானாக ஒரு பொருள் இல்லை என்பதை இச்சட்டம் ஏற்றுக்கொள்கிறது. நோயுற்றவரும் பேசாதிருப்பார், சிறையிலிருப்பவரும், கடலோடியும் பேசாதிருப்பர். ஆதலின் மௌனத்தை அளக்க நாள் குறிக்கப்படுகிறது. அளப்பவர் உரிமையாளர் அல்லர், வெளியார் இருவர். இந்தியவியல் துறையினருக்கு இவ்விடத்தில் முதலாம் இராசராசனின் 24ஆம் ஆட்சியாண்டு ஆணையைக் கூறும் உக்கல் கல்வெட்டு நினைவுக்கு வரலாம். இரண்டு முழு ஆண்டுகள் வரி செலுத்தாதார் நிலத்தை ஊரார் விற்கலாம் என அது கூறும். அங்கு நிலுவை வரியேயன்றி வாடகை அன்று. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் ஆகாது. எனினும் காலவரம்பு, ஊரறிந்த நடவடிக்கை ஆகிய இரண்டும் அங்கும் இருப்பது கருதத்தக்கது.

நீதிவான்களை அழைக்காத உரிமையாளர்க்குப் பொதுச்சட்டம் வேறொரு வழியை வைத்திருந்தது. வாடகைதாரர் இடத்தைக் கைவிட, உரிமையாளரும் அதனை ஏற்றுக்கொண்டவராக நடந்துகொண்டால், எழுத்தின்றியே குத்தகை ஒப்புவிக்கப்பட்டதாகும். எந்தச் செயல் ஏற்பாகும் என்பதில்தான் வழக்குகள் எழுந்தன. ஃபெனே எதிர் பாப்பிள்வெல் வழக்கில் (1862) உரிமையாளர் வாடகைதாரரின் பெயர்ப்பலகையின்மேல் வண்ணம் பூசி, வாடகைக்கு விடப்படும் என அறிவிப்பும் வைத்தார். குத்தகை முடிந்தது எனத் தீர்ப்பாயிற்று. ஓஸ்லர் எதிர் ஹெண்டர்சன் வழக்கிலோ (1877), சாவியைப் பெற்றுக்கொண்டு புதியவரைத் தேடியது மட்டும் போதாது, உண்மையில் வேறொருவருக்கு விட்ட நாளிலிருந்தே குத்தகை முடிவுற்றது எனக் கொள்ளப்பட்டது. உரிமையாளர்க்கு இது இருபுறமும் கூரான கத்தி. ஏற்றுக்கொண்டால் எஞ்சிய காலத்து வாடகை போகும். ஏற்காவிடில் வீடு பூட்டியே கிடக்கும்.

1826ஆம் ஆண்டின் இரண்டாம் நீதிப் பட்டயம் வழியாக, அவ்வாண்டு நவம்பர் 27ஆம் நாள் நிலவிய ஆங்கிலச் சட்டம், இடத்திற்குப் பொருந்தும் அளவில், பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூருக்கு வந்தது. பின்னர் உள்நாட்டுச் சட்டங்கள் எழுந்தன. சிங்கப்பூரின் 1934ஆம் ஆண்டு ஜப்திச் சட்டமும், மலேசியாவின் 1951ஆம் ஆண்டு ஜப்திச் சட்டமும் உரிமையாளரின் கையிலிருந்து ஜப்தியை நீதிமன்றத்திற்கு மாற்றின. மலேசியச் சட்டத்தின்படி பன்னிரண்டு மாதத்திற்கு மேற்படாத நிலுவைக்கு உரிமையாளர் ஆணை கோரலாம். உடுக்கை, படுக்கை முதலியன விலக்கு. வெளியேற வேண்டிய நாளுக்குப்பின் தங்கியிருப்போர் இரு மடங்கு வாடகைக்கு ஆளாவர் என்னும் 18ஆம் நூற்றாண்டு விதியும் 1956ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் இடம்பெற்றது. ஆனால் இருமுறை பார்வையிடும் அந்த நடைமுறை நம் ஜப்திச் சட்டங்களில் இடம்பெறவில்லை. பொருளைத் துரத்தும் பகுதி கடல் கடந்தது. வெற்றிடத்தை மீட்கும் பகுதி கடக்கவில்லை.

இவ்விடைவெளி நெடுங்காலம் எவரையும் உறுத்தவில்லை என்றே தோன்றுகிறது. போருக்கு முந்தைய கடைவீடுகள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் மிகக் குறைந்த வாடகையில் இருந்தமையால், அவற்றின் உரிமையாளருள் பலர் வாடகைதாரர் சொல்லாமற் போய்விட மாட்டாரா என ஏங்கியவர்களே! 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997ஆம் ஆண்டில் நீக்கப்பட்டு, இடைக்கால ஏற்பாடும் 1999ஆம் ஆண்டு இறுதியில் முடிவுற்ற பின்னரே சந்தை வாடகையும் அதற்குரிய சிக்கல்களும் அவ்வீடுகளுக்கு வந்தன.

இங்கிலாந்தில் பழைய ஜப்தி முறை 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒழிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டு வீடமைப்பு, திட்டமிடல் சட்டம் கைவிடப்பட்ட வீடுகளுக்கென ஒரு புதிய முறையை வகுத்தது: இரண்டு மாத வாடகை நிலுவை, மூன்று எச்சரிக்கை அறிவிப்புகள், மூன்றாவது அறிவிப்பு வீட்டிலேயே கண்ணில் படும்படி ஒட்டப்படல். 1737இன் சாயல் இதில் வெளிப்படை. ஆனால் பார்வையிடும் நீதிவான் இதில் இல்லை. அறிவிப்பை ஒட்டுபவரும் மௌனத்திற்குப் பொருள் சொல்பவரும் உரிமையாளரே. அப்பகுதி நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. அதற்காக நாம் வருந்தவில்லை.

மலேசியாவில் 1950ஆம் ஆண்டுத் தனிநிவாரணச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, வாடகைக்காலம் முடிந்த பின்னரும் தொடர்ந்து இடத்தைத் தம் கைவசம் வைத்திருப்பவரிடமிருந்து நீதிமன்ற நடவடிக்கை வழியன்றி அதனை மீட்கலாகாது என்கிறது. கட்டிலையும் அலமாரியையும் விட்டுவிட்டு மௌனமானவர் அவ்வாறு வைத்திருப்பவரா? மின்சாரக் கட்டணம் நின்றதும், அண்டை வீட்டார் கூற்றும், சாவி அஞ்சற்பெட்டியில் கிடந்ததும் ஒரு பக்கம் சான்றாகலாம். உள்ளே மடித்து வைத்த துணிகள் மறுபக்கம் சான்றாகலாம். ஐயம் எஞ்சும் வரை பூட்டை மாற்றும் உரிமையாளர் தாமே வழக்கில் எதிர்வாதியாகக்கூடும். ஆகவே, அவர் எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, சாட்சிகள் முன் பொருள்களைப் பட்டியலிட்டு வைத்து, வீட்டை மீட்கும் ஆணைக்கு நீதிமன்றம் செல்கிறார். அதுவரை வீடு பூட்டியே கிடக்கிறது.